சும்மா கிடந்த செருகி

குயின்ஸ்டவுன்
9 ஜூன் 2014

அன்புள்ள டெஸ்,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று உங்கள் மகள் ஜானின் சொன்னாள், அதனால் எழுதுகிறேன். ரான் இறந்தபோது வந்தீர்கள். பின்வரிசையில் நின்றுவிட்டு, ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். அப்பா இப்படித்தான் என்று அன்றும் ஜானின்தான் சமாதானம் சொன்னாள்.

வானொலி நிலையத்தின் கட்டடத்தை ஆகஸ்ட் கடைசியில் காலி செய்கிறோம். நீங்கள் கட்டிய சர்வர் பின்னறையில் போர்வைக்குள் கிடக்கிறது. புது இடத்தில் அதற்கு இடமில்லை, குப்பைக்குத்தான் போகும். அலமாரியில் உள்ள டேப்களைப் படிக்க அதைவிட்டால் வேறு மெஷின் கிடையாது. ரானின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சிகள் முழுவதும் அந்த டேப்களில்தான் இருக்கின்றன. வீட்டில் அவர் குரல் என்று எனக்கு மிச்சமிருப்பது, "நாங்க வெளிய போயிருக்கோம், அப்புறம் கூப்பிடுங்க" என்ற போன் பதிவு மட்டும்தான்.

டேப்பைப் போட்டால் சிறிது ஓடுகிறது. பிறகு திரையில் 'பேரிட்டி எரர்' என்று வந்து நின்றுவிடுகிறது. வரிசையாக நாலு டேப் போட்டுப் பார்த்தேன், நாலிலும் அதேதான். என்ன செய்யட்டும்?

என்றும் அன்புடன்,
லோர்னா


உல்வர்ஸ்டன்
14 ஜூன் 2014

லோர்னாவுக்கு,

மூட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

என் மெஷினை 'பழைய சாமான், இனி வேண்டாம்' என்று நிலையக் கமிட்டியில் கை தூக்கியவர்களுக்கு இப்போது பழைய சாமான் தேவைப்படுகிறது. கிளாரி தூக்கியதில் எனக்கு வருத்தமில்லை, அவன் எதற்கும் தூக்குவான். ரானும் தூக்கினான். பர்னியிலிருந்து அந்தப் பெட்டியை அவன் வண்டியில், உங்கள் வீட்டு மெத்தை விரிப்பில் சுற்றி, மலைப்பாதை முழுக்க என் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அதே ரான்தான். போகட்டும். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கேபிளில் எட்டுக் கம்பிகள் சரக்கைச் சுமக்கின்றன. ஒன்பதாவது கம்பி சாட்சி. எத்தனை கம்பிகளில் சைகை போகிறது என்று அனுப்புகிற பக்கம் பார்த்து, மொத்தம் ஒற்றைப்படை வருமாறு ஒன்பதாவதை வைக்கும். வாங்குகிற பக்கம் எண்ணும்போது இரட்டைப்படை வந்தால், வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். பேரிட்டி எரர் என்பது அதுதான். டேப்பின் மேல் பழி போடாதே. பழுது பெரும்பாலும் வழியில்தான் இருக்கும்.

மின்சாரத்தை அணைக்காமல் எதையும் தொடாதே. சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிள், அங்கிருந்து டேப் டிரைவுக்கு இன்னொன்று. இரண்டையும் கழற்றி முனைகளைப் பார். ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தாலும் போதும், இந்தக் கூத்து நடக்கும். மேல் தட்டில் நீல டப்பாவில் உபரி கேபிள்கள் வைத்திருந்தேன், எவனும் தூக்கி எறியாமல் இருந்தால் அவற்றைப் போட்டுப் பார்.

டேப் டிரைவின் முதுகில், கேபிள் முடிகிற இடத்தில், ஒரு முனைச் செருகி இருக்கும். அது இல்லாவிட்டால் சைகை சுவரில் பட்ட பந்தாகத் திரும்பி வந்து, பின்னால் வருவதைக் குழப்பிவிடும். அதை மட்டும் நீ பார்க்கவே வேண்டாம். நானே மாட்டித் திருகியது. எனக்குப் பிறகும் அது அங்கேதான் இருக்கும்.

டெஸ்மண்ட் கோரிகன்


குயின்ஸ்டவுன்
2 ஜூலை 2014

அன்புள்ள டெஸ்,

நீல டப்பா அங்கேயே இருக்கிறது. உங்கள் எழுத்தில் 'தொடாதே' என்றிருக்கிறது, யாரும் தொடவில்லை. முட்டி போட்டு, கண்ணாடி போட்டு, ஊசிகளைப் பார்த்தேன். எல்லாம் நேராகவே நிற்கின்றன. கேபிள் இரண்டையும் மாற்றினேன். எரர் போகவில்லை.

ஹோபார்ட்டில் பிரையனி என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். அவளுக்கு போன் செய்தேன். அந்தச் சோதனையையே நிறுத்திவிட ஒரு வழி இருக்கிறதாம், நிறுத்தினால் டேப் நிற்காமல் ஓடும் என்றாள். கிளாரி பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "அதானே, சத்தம் போடற நாயை வெளிய கட்டிட்டா வீடு நிம்மதி" என்றான். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள். நாள் நெருங்குகிறது.

ரான் கை தூக்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "மெஷினுக்கு எதிராத்தான் கை தூக்கினேன், டெஸ்ஸுக்கு எதிரா இல்ல. அவன் ரெண்டையும் ஒண்ணா பார்க்கறான், நான் என்ன பண்ண" என்றார். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
லோர்னா


உல்வர்ஸ்டன்
7 ஜூலை 2014

லோர்னாவுக்கு,

நிறுத்தாதே. டேப் ஓடும், எரர் வராது, எல்லாம் முடிந்தது என்று கிளாரி கை தட்டுவான். நீ வீட்டுக்குப் போய்க் கேட்டால் ரானின் குரலில் கரகரப்பு இருக்கும், பாதி வார்த்தை இருக்காது. எந்த இடத்தில் கெட்டது என்று சொல்லவும் ஆள் இருக்காது. சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வழக்கை முடிப்பதா? பிழையோடு நிற்கிற மெஷின், பொய் சொல்கிற மெஷினைவிட மேல். நான் கட்டியது பொய் சொல்லக் கூடாது. குப்பைக்குப் போகட்டும், பொய் சொல்லாமல் போகட்டும்.

டிஸ்க் பெட்டியை விலக்கி, டேப் டிரைவை மட்டும் நேராக சர்வரில் இணைத்துப் பார். கேபிளின் மொத்த நீளம் குறையும், வழியில் கெடுவதும் குறையும்.

கிளாரியை அந்த அறைக்குள் விடாதே. 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று எல்லாவற்றையும் திருகிப் பார்ப்பவன். சனிக்கிழமை விடியும் முன் நானும் ரானும் உள்ளே போகும்போது, முதலில் கிளாரி எதைக் கழற்றி வைத்திருக்கிறான் என்று பார்ப்பதுதான் வழக்கம். பிறகுதான் பிளாஸ்க்கைத் திறப்போம்.

ரான் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

டெ. கோரிகன்


குயின்ஸ்டவுன்
21 ஜூலை 2014

அன்புள்ள டெஸ்,

கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் வேண்டாம் என்றதைப் பார்த்தேன்.

டிரைவை மட்டும் இணைத்தும் எரர் வந்தது. பிரையனியிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சோதனையை நிறுத்தக் கூடாது என்பது சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். பிறகு, "அந்த முனைச் செருகி இருக்கான்னு பார்த்தீங்களா?" என்றாள். "அவர் பார்க்க வேண்டாம்னுட்டார்" என்றேன். "பரவால்ல, அவர் இங்க இல்லையே, பாருங்க" என்றாள்.

டிரைவின் முதுகில் வெறும் துளைதான் இருக்கிறது, டெஸ்.

கிளாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா லோர்னா, அது சும்மா கிடந்த செருகிம்மா. கேபிளு இல்ல, ஒயரு இல்ல, ஒண்ணுத்தோடயும் சேரல. டெஸ் மட்டும் வாராவாரம் அதைத் தொட்டுப் பார்ப்பான். மெஷினைப் பின்னறைக்குத் தள்ளுறப்ப, அவனுக்குப் பிடிச்ச சாமான் ஒண்ணாவது அவன் கையில இருக்கட்டும்னு கழட்டினேன். ஹூவான் பைன் மரப் பலகைல வச்சு, பேரு வெட்டி, பித்தளைத் தகடு போட்டு... பிரிவுபசாரத்துக்கு ஊரையே கூப்பிட்டு என்ன பிரயோஜனம், அவன்தான் வரலையே."

சுரங்கத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவர்கள் கைப்பட்ட கருவியைப் பலகையில் பதித்துத் தருவது இந்த ஊர் வழக்கமாயிற்றே. உங்களுக்கும் அதையே செய்திருக்கிறான். அந்தப் பலகையை ரான்தான் வண்டியில் உல்வர்ஸ்டனுக்குக் கொண்டு வந்தார். நீங்கள் கதவைப் பாதி திறந்து பொட்டலத்தை வாங்கி, உடனே மூடிவிட்டதாகச் சொன்னார்.

பிரித்தீர்களா, டெஸ்? இன்னும் இருக்கிறதா?

லோர்னா


உல்வர்ஸ்டன்
25 ஜூலை 2014

லோர்னாவுக்கு,

இருந்தது. கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால். கடிகாரம் என்று நினைத்திருந்தேன். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவனுக்குக் கடிகாரம்தானே கொடுப்பார்கள்.

கிளாரிக்கு மரத்தில் திருகு போடத் தெரியாது. நான்கும் கோணல். கழற்ற ஒரு காலைப் பொழுது ஆயிற்று. நல்ல பலகை, வாசனை இன்னும் போகவில்லை.

செருகியை இத்துடன் அனுப்புகிறேன். ஊசிகளைத் துடைத்திருக்கிறேன். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கீழே நீளப்பக்கம் வருமாறு பிடித்து, அழுத்தி, இரு பக்கமும் திருகு. பலவந்தம் வேண்டாம். பிறகு பழைய கேபிள்களையே போடு, அவை நல்லவை. அந்த ஹோபார்ட் பெண்ணிடம் அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று சொல்.

ஓடினால் எழுது. ஓடாவிட்டாலும் எழுது.

டெஸ்


குயின்ஸ்டவுன்
4 ஆகஸ்ட் 2014

அன்புள்ள டெஸ்,

ஓடுகிறது. ஒரு எரர் இல்லை. பிரையனி வந்து பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து வைக்கிறாள்.

முதல் டேப்பில் ஒரு சனிக்கிழமை. பாட்டு பாதியில் அறுந்து, கொஞ்சம் வெறும் இரைச்சல். பிறகு ரான்: "மன்னிக்கணும் மக்களே, மெஷின் மக்கர் பண்ணுது. பயப்படாதீங்க, நம்ம டெஸ் அதோட முதுகுக்குள்ள தலையை விட்டிருக்கான். இங்கிருந்து பார்த்தா அவன் பின்பக்கம்தான் தெரியுது, வானொலியா இருக்கறது உங்க அதிர்ஷ்டம். டெஸ், என்னடா கோளாறு?" தூரத்தில் உங்கள் குரல்: "வாயை மூடிக்கிட்டு இருந்தா கண்டுபிடிச்சிடுவேன்." ரான் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தேன். கிளாரி வெளியே போய் நின்றுகொண்டான்.

வந்து கேளுங்கள், டெஸ்.

லோர்னா


உல்வர்ஸ்டன்
8 ஆகஸ்ட் 2014

அன்புள்ள லோர்னா,

ரான் சொன்னது தவறு. அன்று மெஷினில் கோளாறே இல்லை. அவன் தின்ற இறைச்சி பேஸ்ட்ரியின் குழம்பு விசைப்பலகையில் கொட்டியிருந்தது. அப்போதே சொன்னேன், கேட்கவில்லை. இதை நேரில் சொல்ல வேண்டும்.

டேப் எல்லாம் முடிந்ததும் அந்தச் செருகி எனக்குத் திரும்பி வர வேண்டும். அது எனக்குக் கொடுத்த பரிசு. தகட்டில் என் பெயர்தான் இருக்கிறது. பலகையைச் சுவரில் மாட்டிவிட்டேன், நடுவே இடம் வெறுமையாக இருக்கிறது. தபாலில் அனுப்பாதே. கிளாரியிடம் கொடுத்து அனுப்பவே வேண்டாம், ஆனால் அவனை அங்கே இருக்கச் சொல். திருகு எப்படிப் போடுவது என்று காட்ட வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தேநீர் குடிப்பேன்.

டெஸ்