தரையில் வரைந்த முகம்

அன்புள்ள அண்ணா,

ஒருவருடைய முகத்தைத் தரையில் விட்டுவைப்பது அவமரியாதையா, அழிப்பது அவமரியாதையா? மூன்று நாளாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ இருந்தால், "படிச்சவ நீ, என்னப் போய்க் கேக்கிற" என்று சிரிப்பாய்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், நீ மூட்டை தூக்கிய சந்தில் இப்போது வண்டிகள் வருவதில்லை. இரண்டு முனையிலும் சிமெண்டுத் தூண் நட்டுவிட்டார்கள். அங்கங்கே பெஞ்சு, தொட்டிச் செடி. சாயங்காலம் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து உட்காரலாமாம். சுவரெல்லாம் வாழைத்தாரும் கீரைக்கட்டும் ஆளுயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்தால் சாக்கடை நாற்றம் போய்விடுமா என்று கேட்டேன்.

வரைய வந்த குழுவிலிருந்த ஒரு பெண், இந்தச் சந்தில் உழைத்து இறந்துபோனவர்களின் முகங்களையும் வரையப்போகிறோம் என்று சொல்லி உன் படம் கேட்டாள். அண்ணி அவளை என்னிடம் அனுப்பிவிட்டார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய் உன் சங்க அடையாள அட்டையைக் கொடுத்தேன். சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டேன். எதையும் இரண்டு தடவை படிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன், உனக்குத் தெரியும். அன்றைக்குப் படிக்கவில்லை. சுவரில் உன் முகம் பெரிதாக வரப்போகிறது என்ற நினைப்பிலேயே இருந்தேன். சுவர் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

தரையில் வரைந்துவிட்டார்கள், அண்ணா. அண்ணி எலுமிச்சம்பழம் விற்கிறாரே, அந்தக் கூடைக்கு முன்னாலிருந்து தொடங்குகிறது உன் முகம். எதிர்ச்சுவரோரம் ஒரு முழம்தான் மிச்சம். சாயல் அப்படியே நீதான். மூட்டைக்குக் கீழே தலையில் சுருட்டி வைப்பாயே அந்தத் துண்டு, அதை மட்டும் தலைப்பாகை என்று நினைத்துச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். "கல்யாணத்தன்னிக்குக்கூட உங்கண்ணன் இவ்வளவு ஜோரா இல்ல வசந்தி" என்றார் அண்ணி. பிறகு குனிந்து, உன் கன்னத்தில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார்.

உன்னோடு மூட்டை தூக்கிய செல்வம் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவங்க நாம. அண்ணன் மூஞ்சி மேல செருப்போட ஏறச் சொல்றீங்களா? சுவத்துலயா தரையிலயான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்? நீங்கல்லாம் காலேஜ்ல என்னத்தைப் பாடம் நடத்துறீங்க?"

நான் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"மேடம், இவர் இந்த ஊரையே தாங்கினவர். மேல நடக்கிறப்போ ஜனங்களுக்கு அது உறைக்கணும். அதுக்குத்தான் தரையில வரைஞ்சோம்."

"உசிரோட இருந்தப்ப தாங்குனது பத்தாதாம்மா?" என்றார் அண்ணி. பழத்தை அடுக்கிக்கொண்டே சொன்னார், தலை நிமிரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துவிட்டது. கெட்ட பெண் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்த நான் என்ன செய்துவிட்டேன்?

உன்மேல் யாரும் கால் வைக்கவில்லை. மூட்டைக்காரர்கள் அந்த ஒரு முழத்தில் சுவரை உரசிக்கொண்டு போகிறார்கள். பழம் வாங்க வருகிறவர்களும் அந்தப் பக்கமே போய்விடுகிறார்கள். அண்ணியிடம் வரவேண்டுமானால் உன்னை மிதிக்கவேண்டும். மூன்று நாளாகப் பழம் வாடி வீட்டுக்குத் திரும்புகிறது. அழிக்கச் சொல்லலாமா என்று நேற்று கேட்டேன். "அவரு இருக்கட்டும். பழம் போனாப் போகுது" என்றார். நீ போன பிறகு அந்தக் கூடையை வைத்துத்தான் அவர் சாப்பிடுகிறார்.

நாளைக்கு உன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசப்போகிறார்கள். பூசிவிட்டால் வருஷக்கணக்கில் அழியாதாம். அதற்கு முன்னால் நான் அங்கே போய் நிற்பேன். அழிக்கச் சொல்லி அண்ணி வாயால் வரவேண்டாம். அதை நானே சொல்கிறேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நேற்று இதோடு நிறுத்தியிருந்தேன், இன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. சாம்பல் நிறப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து தாடையிலிருந்து ஆரம்பித்தாள். "கண்ணை முதல்ல அடிச்சிடும்மா" என்றேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பெயிண்ட் காய்ந்த பிறகு செல்வம் மூட்டையோடு வந்தார். சாம்பல் நிறத்தின் ஓரத்தில் நின்றார். பிறகு பழையபடி சுவரை உரசிக்கொண்டு சுற்றிப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். "இப்பதான் ஒண்ணும் இல்லையே" என்றேன். "எங்களுக்குத் தெரியும்ல" என்றார் ஒருவர்.

மத்தியானம் வரை ஒரு பழம் போகவில்லை. அண்ணி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தின் அந்தக் கோடிக்கு இடம் மாறிப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் அந்த ஒரு முழத்து வழியாகத்தான் அவர் பின்னால் நடந்தேன்.

உன் தங்கை,
வசந்தி