சாம்பிராணி குடித்த மிஷின்

12, செவ்வாய். காலையில் தூறல். ரேஷனுக்குப் போகவில்லை.

காரணம், மிஷின் வந்துவிட்டது. அக்கா மகள் தேவிக்காகவே வந்த மிஷின். தோளில் மாட்டும் பை, உள்ளே செங்கல் அளவு பெட்டி, வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு குழாய். அவள் இழுக்கும் காற்றை அதுவும் இழுக்குமாம். பெட்டிக்குள் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதம். அதில் படிவதை எடுத்துப்போய் பரிசோதிப்பார்கள். இந்தப் பக்கத்துக் காற்று வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி. பிள்ளை தங்காமல் போன பெண்களையும் சேர்க்கிறார்கள். தேவியைச் சேர்த்தது நான்தான். அதாவது, கூடப் போயிருந்தேன்.

கொண்டுவந்தது ஆராய்ச்சி நர்ஸ் ஷர்மிளா. சின்னப் பெண். "குளிக்கும்போது மட்டும் கழட்டுங்க. தூங்கும்போது தலைமாட்டுல வைங்க. மத்தபடி எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றாள்.

உர்ர்ர் என்று ஓயாத சத்தம். தேவி முதலில் மிரண்டாள். "இன்னா மாமா, வூட்டுக்குள்ள யாரோ மூச்சு வுட்டுகினு கீற மாரி கீது."

அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். மாப்பிள்ளை கன்டெய்னர் லாரியில் ஏறினால் முகம் பார்க்க நாளாகும். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனவே முழுப் பொறுப்பும் நான்.

பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகும் காற்று. நம் வீட்டுக் காற்று மட்டமாக இருக்கலாமா? சாயங்காலம் சாம்பிராணி இரண்டு கை கூடுதலாகப் போட்டேன். தூபக்காலைக் குழாய்க்குப் பக்கத்திலேயே பிடித்தேன். நல்லதாகக் குடிக்கட்டும்.

13, புதன். வெயில். முட்டிவலி.

மஸ்தான் பாய் டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கினேன். "ராக்கெட்ல வெக்கிற மிஷின் பாய். மெட்ராஸ்லயே ஒர்த்தருக்குத்தான். எங்க தேவிக்கு."

"அப்போ எங்க தெரு ஜெயந்தியும் ஒண்ணு மாட்டிகினு போவுதே?"

"அது டூப்ளிகேட்டு."

பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "நைனா, நீ ஹார்பர்ல கிரேன் ஓட்னேன்னு சொன்னதுலர்ந்து உன்ன நம்பிகினுதான் கீறேன்" என்றார். கடையே சிரித்தது.

கிரேனில் உட்கார்ந்தவன் வேறு ஆள்தான். கீழே நின்று கை காட்டியவன் நான். நான் கை காட்டாமல் ஒரு பெட்டி நகர்ந்ததில்லை. அப்படியென்றால் யார் ஓட்டியது?

தேவிக்கு மிஷின் சத்தம் பழகிவிட்டது. அது ஓடினால்தான் கண் அசருகிறதாம். "நம்ம கூட ஒண்ணு கீதுன்னு தோணுது மாமா."

பீரோவில் வளையல் டப்பா. போன தடவை வளைகாப்புக்கு நான் வாங்கியது. போடவே இல்லை. கும்மிடிப்பூண்டி ரயில் போகும்போதெல்லாம் பீரோ அதிர்ந்து உள்ளே சிணுங்குகிறது, யாரோ சின்னக் கையை ஆட்டுவது போல. தேவி கேட்காத மாதிரி கீரை ஆய்கிறாள். நானும் பேப்பர் படிக்கிறேன்.

15, வெள்ளி. வாடைக்காற்று.

ஷர்மிளா பெட்டியைத் திறந்தாள். காகிதம் அடுப்புக்கரி மாதிரி.

"என்ன சார், இவ்ளோ கருப்பா இருக்கு? வீட்ல எதாவது எரிச்சீங்களா?"

"சாம்பிராணிமா. தெனிக்கும் போடுவேன். மிஷினுக்குன்னு கொஞ்சம் ஸ்பெஷலா."

முதலில் சிரித்தாள். பிறகு, "தினமுமா? கதவைச் சாத்திக்கிட்டா?" என்றாள்.

"தொறந்து வெச்சா பொகை நிக்காதே."

"இனிமே போடாதீங்க சார். ஃபேக்டரிப் புகையா, சாமிக்குப் போட்ட புகையான்னு நெஞ்சுக்குத் தெரியாது. எல்லாம் புகைதான்."

தேவி தலை குனிந்தபடியே கேட்டாள். "அப்போ, அந்த ரெண்டும் அதனாலயாக்கா?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. உனக்கு பி.பி. ஏறுச்சு. காத்தும் ஒரு காரணமான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பையே. எங்களுக்கே இன்னும் தெரியாது."

தெரியாதாம். இவ்வளவு படித்தவர்களுக்கு.

முதல் தடவை, ஐந்தாம் மாதம். சாம்பிராணி போட்டேன். இரண்டாம் தடவை, ஏழாம் மாதம் பாதி. ஒருநாள் விடாமல் போட்டேன். காத்து கருப்பு அண்டக்கூடாது என்று, அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி. இருமுவாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ, உனக்குத்தான் நல்லது" என்பேன்.

16, சனி.

வாங்க வேண்டியது: பால். வெங்காயம். தேவிக்குச் சாத்துக்குடி. கொசுவர்த்தி (வேண்டாம், அதுவும் புகை). கொசுவலை.

தூபக்காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன். தேவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சோறு போடும்போது அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

கடையில் பாய், "இன்னா நைனா, வாய்க்கு லீவா?" என்றார். "பல்லு வலி" என்றேன்.

சாயங்காலம் எண்ணூர் ஃபேக்டரிகள் பக்கமிருந்து அந்த நாற்றம். அழுகிய முட்டை. கண் எரிச்சல். தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் படபடவென்று சாத்தும் சத்தம். ஈரத் துணியைக் கதவிடுக்கில் திணித்தேன். மிஷின் அதையும் குடித்துக்கொண்டிருந்தது. தேவியும். உள்ளே இருப்பதும்.

சாம்பிராணியை நான் நிறுத்திவிட்டேன். இதை யார் நிறுத்துவது?

மாடிக்குப் போனேன். தூரத்தில் புகைபோக்கி, நுனியில் சிவப்பு விளக்கு. ஹார்பரில் காட்டுவேனே, முஷ்டியை மடக்கித் தூக்கினால் எவ்வளவு பெரிய கிரேனும் அந்தரத்தில் நிற்கும். தூக்கினேன். கை கடுக்கும் வரை நின்றேன்.

புகை நிற்கவில்லை.

18, திங்கள். மப்பு.

அளவு எடுத்து முடிந்ததாம். ஷர்மிளா மிஷினைக் கொண்டுபோய்விட்டாள். புதுக் காகிதத்தை எனக்கு மட்டும் காட்டினாள். கருப்பில்லை. ஆனால் வெள்ளையும் இல்லை.

"போடவே இல்லம்மா, சத்தியமா."

"தெரியுது சார். இது வெளிக்காத்து."

தேவி பையைக் கொடுக்கும்போது ஒரு நொடி பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் வீட்டில் அந்த உர்ர்ர் இல்லை. ரயில் வந்தால் வளையல் சிணுங்கல்.

19, செவ்வாய். கரண்ட் இல்லை. மீன் குழம்பு பாதியில்.

மத்தியானம் தேவி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "மாமா, காலையிலர்ந்து அசையல."

ஷர்மிளாவுக்கு போன். "காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க." மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை. பாய் ஆட்டோ அனுப்புகிறார். ஃபைல், துண்டு, பி.பி. மாத்திரை, எல்லாம் பையில்.

ரயில் போனது. பீரோவுக்குள் சிணுங்கியது. இந்தத் தடவை தேவி நேராக பீரோவையே பார்த்தாள். "அந்த சத்தம் வேணாம் மாமா. எதுனா பேசு. எப்பவும் பேசிகினேதான கீற."

வாயைத் திறந்தேன். கிரேன் வரவில்லை. ராக்கெட் வரவில்லை. வந்தது இதுதான்: உர்ர்ர்.

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "லூசு மாமா." நான் விடவில்லை. மூச்சு முட்ட மிஷின் மாதிரியே ஓட்டினேன். அவள் கை வயிற்றுக்குப் போனது. சிரிப்பு நின்றது.

"மாமா."

நிறுத்தினேன்.

"நிறுத்தாத. நிறுத்தாத."

அசைந்ததா என்று கேட்க வாய் வேண்டும், வாய் ஓடிக்கொண்டிருக்கிறது. கைதான் சும்மா இருக்கிறது, அதற்கு இந்த எழுத்து. தெருமுனையில் ஆட்டோ ஹாரன். படியிறங்கும்போதும் விடக்கூடாது, உர்ர்