தையல்காரர் கழற்றிய கைப்பட்டை

சண்டைக்காரிக்கு, முட்டிவலி குறைஞ்சுதா? ஊரான் தூக்கத்துக்கு நீ எதுக்குக் காவல்னு கத்திட்டு, பதில் சொல்றதுக்குள்ள போனை வச்சிட்டியே, இப்பக் கேளு.

எங்க தூக்க ஆராய்ச்சியில பல வருஷமா இருந்த தையல்காரர் நேத்து விலகிட்டார். திரும்பக் கூட்டிட்டு வராட்டி என் வேலை போயிடும்னுட்டாங்க டாக்டரம்மா. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

தூக்கத்தை அளக்குற கைப்பட்டையை நீட்டினார். "எனக்குத் தூக்கமே வர்றதில்லைங்க. வெட்கப்பட்டுப் பேரன் கையில கட்டிவிட்டேன்."

"நல்லாத் தூங்கினா பரிசா குடுக்கிறோம்? தூங்காதவரும்தான்யா எங்களுக்கு வேணும். டாக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். நானும்தான் தூங்கல. பொண்டாட்டி குறட்டை கேட்காம..."

நான் முடிக்கிறதுக்குள்ள பட்டையைத் தன் கையில கட்டிக்கிட்டு மனுஷன் உள்ள போயிட்டார்.

அவர்கிட்ட சொல்லாம விட்ட மிச்சம் உனக்கு. அந்தக் குறட்டையைப் போன்ல பதிஞ்சு அனுப்பு. முறைக்காதே. வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு.