ஒரு வருட முத்திரை

மகாவீரன் மருமகன் கென்ட்ரெலுக்கு,

ஒப்பந்தம் முடிந்தும் நீ வேறு கால்பந்து அணிக்குப் போகாதபடி உன் அணிக்காரர்கள் முத்திரை குத்தி, ஒரு வருடச் சம்பளத்தை நீட்டியிருக்கிறார்கள். அதில் நம் லூசியானா மாநிலத்தையே வாங்கி, மிச்சத்தில் முதலை வளர்க்கலாம். ஆனாலும் கையெழுத்துப் போடாதே. போடாதவரை, பயிற்சிக்குப் போகாததற்கு அபராதம்கூடப் போட முடியாது.

நேற்று அணி மேலாளர் அழைத்தார்.

"பெரியவரே, மருமகன் எங்கே?"

"மீன் பிடிக்கிறான். தூண்டில்ல திமிங்கிலம் மாட்டிக்கிச்சு, இழுத்து முடிக்க மாசக்கணக்காகும்."

"ஒரு வருஷம்தானே, கையெழுத்துப் போடச் சொல்லுங்களேன்."

"அஞ்சு வருஷத்துக்கு எழுதிட்டு வாங்க. திமிங்கிலத்தை விட்டுட்டு ஓடி வருவான்."

நான் ஆடிய காலத்தில் என்னிடமும் ஒரு வருடம்தானே என்றுதான் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கால் முறியும்வரை புயலே எனக்குப் பின்னால்தான் ஓடியது.

மீன் பிடிக்க உடனே வா. படகை மட்டும் நீதான் தள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்தபடியே ஊரை ஆளும் உன் தாய்மாமன்