எர்னிங் பத்து மணிக்கு வருவார்

அண்ணா,

அடுப்பின் மேல் கஞ்சி இருக்கிறது, இஞ்சி மட்டும் போட்டேன். இன்றைய கதிர்வீச்சு முடியும்வரை களிம்பு பூசாதே. திரும்பி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்த பிறகு பூசலாம். நீ உட்காரும் பேசினைக் கழுவி வைத்திருக்கிறேன்.

"மருந்துதான் ஏத்துறாங்கல்ல, கரண்ட் வைக்கிறதை விட்டா என்ன?" என்று நேற்று நீ கேட்டதும் கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் ஆசனவாயை அறுத்தெடுக்காமல், வயிற்றில் பை மாட்டாமல் தப்பலாம் என்று டாக்டர் சொன்னபோது நீயும் அங்கேதான் இருந்தாய். நடுவில் நின்றால் புற்றுக்குத்தான் லாபம்.

ஜீப்னியில் அத்தனை பேரோடு நெருக்கியடித்து உன்னால் உட்கார முடியவில்லை. டிரைசைக்கிள் ஸ்டாண்டில் வண்டி கூப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்கிறாய். எல்லோரிடமும் மூலம் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் காலையில் ரொட்டி வாங்கப் போனபோது ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் எர்னிங்கிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

 "மூலம் எனக்கும்தான் இருக்கு தங்கச்சி, நான் என்ன இளைச்சா போயிட்டேன்? அப்பவே நெனச்சேன்" என்றார்.

பத்து மணிக்கு அவரே வந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வீடு திரும்பியதும் சாவியை அவரிடமே கொடு. மாலை வகுப்பு முடிந்து வாங்கிக்கொள்கிறேன்.

லிவாய்

கோபத்தை என்மேல் வைத்துக்கொள். வண்டியில் மட்டும் ஏறிவிடு.

எழுத விட்டுப்போனது: நான் கிளம்பும்போதே அவர் பைக்கோடு பூட்டிய பக்கவண்டியின் சீட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். தன் வீட்டு மெத்தையை அதில் விரித்துக் கொண்டுவருவாராம், நீ ஒருக்களித்துப் படுத்தே போகலாமாம். "வழியில ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொல்லு" என்றார்.