முப்பத்தெட்டு நாய்களும் ஒரு பேசாத கதையும்

ரீச்சர்,

நீங்கள் விட்டுப்போன இந்தச் சிவப்புப் பேனையின் மூடியில் உங்கள் பல் அடையாளம் அப்படியே இருக்கிறது. இன்று தாள் திருத்த எடுத்தபோது விரலில் தட்டுப்பட்டது. அறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் நான்காம் வகுப்பின் கதைத் தாள்கள் முடியும்வரை நான் வாசலைத் தாண்ட முடியாது. இப்படியொரு சிறையை எந்தப் பேரரசனும் கட்டியதில்லை.

முப்பத்தெட்டுத் தாள் பார்த்துவிட்டேன். முப்பத்தெட்டிலும் ஒரு பிள்ளை கிணற்றில் விழ, மணி என்ற நாய் குரைத்து ஊரைக் கூட்டுகிறது. ரியூசனில் பாடமாக்கிய கதை. குடாநாட்டில் இனிக் குடிக்கத் தண்ணீர் இல்லை, கிணறெல்லாம் பிள்ளைகள். புள்ளித் திட்டத்தில் தொடக்கம், ஒழுங்கு, உரையாடல், முடிவு என்று நான்கு பெட்டி, பெட்டிக்கு ஐந்து புள்ளி. விழுந்த பிள்ளை "ஐயோ, காப்பாற்றுங்கள்" என்று கத்தினால் உரையாடலுக்கு ஐந்தும் கிடைக்கும்.

கடைசித் தாளான முப்பத்தொன்பதாவதில் நாய் இல்லை. தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகும் காலை. மகளுக்குத் தலை பின்னுகிறாள். அவிழ்த்து மறுபடி பின்னுகிறாள். அவளை ஏற்றிப்போக வான் வந்து வாசலில் நிற்கிறது. திரும்பவும் அவிழ்க்கிறாள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவுதான் கதை. மற்ற மூன்று பெட்டிகளையும் கூட்டினால் ஒன்பது. பத்துக்குக் குறைந்தால் பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகார வகுப்பு. உரையாடல் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

முந்தியொரு தவணை வந்த அந்தக் குருநகர்ப் பிள்ளையின் தாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகப்பன் பின்நேரம் கடலுக்கு வெளிக்கிடுகிறார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் பூசணிக்காய் அளவில் ஒரு பூச்சியம் போட்டு, "உரையாடல் எங்கே?" என்று எழுதினேன். உரும்பிராய்த் தோட்டக்காரப் பரம்பரை நான். நாங்கள் வெங்காயத்தோடும் கதைப்பவர்கள். குருநகரில் பிறந்த நீங்கள் தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தீர்கள்.

"கடலுக்கு வெளிக்கிடுற ஆளிட்டை எங்கை, எப்ப எண்டு எங்கடை வீடுகளிலை ஒருத்தரும் கேக்கிறேல்லை, மாஸ்டர். அந்தப் பிள்ளை கேக்காமல் நிண்டதுதான் கதை."

நான் மசியவில்லை. புள்ளித் திட்டத்தைச் செங்கோல்போலத் தூக்கிக் காட்டினேன். அவள் பரிகார வகுப்புக்குப் போனாள். அடுத்த தவணை கிணறு, மணி, காப்பாற்றுங்கள், எல்லாம் எழுதினாள். பதினெட்டுப் போட்டு, வெற்றி வீரனாக உங்களிடம் நீட்டினேன்.

"வெண்டிட்டீங்கள், மாஸ்டர். நாய் வந்திட்டுது."

அதற்குப் பிறகு ஒரு கிழமை நீங்கள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அவள் வேறு கதை எழுதி நான் பார்க்கவும் இல்லை.

இன்று நான் இந்தத் தாளோடேயே இருக்க, அதிபர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார். உரையாடல் இல்லாவிட்டால் சைபர்தானே, இதிலென்ன யோசனை என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் உங்கள் கதிரை வெறுமையாக இருக்கிறது. சண்டை பிடிக்கவும் ஆளில்லை, ரீச்சர்.

பெட்டியில் ஐந்து போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், "பேசாமல் இருந்தது எனக்குக் கேட்டது" என்று எழுதினேன்.

தாள் இப்போது அதிபரின் மேசையில். கூப்பிடுவார். புள்ளியை வெட்டினாலும் வெட்டுவார். உங்கள் பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு இருக்கிறேன். இந்தமுறை நாயை உள்ளே விடுவதாக இல்லை.