பக்கத்தில் இருப்பவள் சொன்னதைச் சொல்

அக்டோபர் 7, திங்கள்

எங்கள் பள்ளி பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. மெகாங் கரையில் இந்தச் சா டெக் ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. அடுத்த மாதம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பாடம் பார்க்க வருகிறார்கள். இன்றே ஒத்திகை ஆரம்பம். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். லியூ அக்காவின் வகுப்பு இதில் கெட்டி. என்னைப் போல அவரும் புவியியல்தான், பதினெட்டு வருஷமாக.

"நீயும் பழக்கிடு தாவ். ரெண்டு நாள் போதும்" என்றார்.

என் ஏழாம் வகுப்பு ஜோடி ஜோடியாகப் பேசிப் படித்துக் காட்ட வேண்டுமாம். மாவட்டத்துக்கு இப்போது அதுதான் பிடிக்கும்.

அக்டோபர் 9

ஜோடிப் பேச்சு நடத்தினேன். குப்பை.

நன்றாகப் படிப்பவர் பக்கத்தில் படிக்காதவரை உட்காரவைப்பது இங்கே வழக்கம். ஒருவர் மற்றவரைத் தூக்கிவிடுவாராம். முதல் பெஞ்சில் கியெம், வகுப்பில் முதலாவது. பக்கத்தில் சுவோங், கடைசி. "பேசுங்கள்" என்றதும் அவன் பேசினான், அவள் எழுதிக்கொண்டாள். எல்லா பெஞ்சிலும் இதே கதை.

"ஏன் சுவோங் வாயே திறக்கல?"

"அவன்தான் எல்லாம் சொல்லிடுறானே டீச்சர். நான் வேற எதுக்கு?"

ஜோடி என்று பெயர். ஒருத்தன் முதலாளி, ஒருத்தி குமாஸ்தா. இப்படி உட்காரவைத்தது யார்? நான்தானே.

அக்டோபர் 14

மாற்றினேன். முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, தனியாக எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம் பேச்சு. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டும்தான். கடைசியில் நான் எழுப்பினால் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

கியெமை எழுப்பினேன். நின்றான். காது சிவந்தது.

"அவ ரொம்ப மெதுவா பேசுனா டீச்சர்."

"சும்மா சொல்றான் டீச்சர்" என்றாள் சுவோங். "நான் பேசுறப்போ ஜன்னல்ல பூனையப் பாத்துட்டு இருந்தான்."

வகுப்பே சிரித்தது. கியெம் முதல்முறையாகப் பதில் தெரியாமல் உட்கார்ந்தான்.

அக்டோபர் 22

இன்று கியெம் சுவோங்கிடம் கெஞ்சினான்: "இன்னொரு தடவ சொல்லேன், மாட்டிப்பேன்."

அக்டோபர் 28

துணைத் தலைமை ஆசிரியர் குயென் கூப்பிட்டார். பட்டியல் ஒன்றை நீட்டினார். மூன்று பெயர்கள், முதல் பெயர் சுவோங்.

"மாவட்டத்து ஆளுங்க வர்ற அன்னிக்கு இவங்களுக்கு வயித்துவலி வரட்டும். வீட்டுல இருக்கச் சொல்லிடுங்க."

"வயித்துவலி பிள்ளைங்களுக்கா, உங்களுக்கா சார்?"

கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எரிகிறது.

"சின்ன வயசு, கொதிக்கத்தான் செய்யும். உங்க வேலைய நிரந்தரமாக்குற தாள் என் மேசையில இருக்கு. அத மறந்துடாதீங்க."

வெளியே லியூ அக்கா: "ஏண்டி, நாங்க எல்லாரும் சோறு திங்குறோம். நீ மட்டும் நெருப்பத் திம்பியா?"

வகுப்புக்குப் போய் அந்த மூவரிடமும் சொன்னேன்: அடுத்த செவ்வாய் வராதவங்கள வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வருவேன்.

"எங்க வீட்டுக்குப் படகுலதான் வரணும்" என்றாள் சுவோங். "நீச்சல் தெரியுமா டீச்சர்?"

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் வாசலில் மூவரையும் பார்த்தேன். சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

மணி அடித்தது. பின்னால் மாவட்டத்து ஆட்கள் மூவர், அருகே குயென் சார். கியெம் பக்கத்து இடம் காலி. இன்னும் இரண்டு இடம் காலி.

"லைப்ரரில புத்தகம் அடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க டீச்சர்" — கியெம், வாய்க்குள்.

ஆரம்பித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பின்வரிசையைப் பார்த்துச் சொன்னேன்: "என் பிள்ளைங்க மூணு பேர் லைப்ரரில இருக்காங்க. ஜோடி இல்லாம இந்தப் பாடம் நடக்காது. அவங்க வந்ததும் ஆரம்பிக்கிறேன்."

கியெமை அனுப்பினேன். ஆறு நிமிடம். குயென் சார் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். மூவரும் தூசிக் கையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: மெகாங் வெள்ளம் நம் ஊருக்கு நல்லதா, கெட்டதா? எழுதினார்கள், பேசினார்கள். கியெமை எழுப்பினேன்.

"சுவோங் சொன்னா... வெள்ளம் வரலன்னா அவங்க வீட்டுல மீனு இல்ல. வந்தா எங்கப்பா செங்கல் சூளை தண்ணில நிக்கும். அதனால ஊருக்கே ஒரே பதில் கேட்டது டீச்சரோட தப்பாம்."

மாவட்டத்து அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். திரும்பி, சுத்தமான பலகையை இன்னொரு தடவை துடைத்தேன்.

நவம்பர் 7

மதிப்பீடு வந்தது. 'நடுத்தரம். நேர ஒழுங்கு இல்லை.' கடையில் ஹூ தியூ நூடுல்ஸ் சாப்பிட்டேன். இரண்டு கிண்ணம். நடுத்தரமாம்! போங்கடா.

நவம்பர் 18, திங்கள்

ஏழாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அது லியூ அக்காவுக்கு. மத்தியானம் வந்து சண்டை பிடித்தார்: "என்ன பழக்கி வெச்சிருக்க? பேசுங்கன்னா ஒரு நிமிஷம் வாயே திறக்காம எழுதுதுங்க. அப்புறம் கியெம எழுப்புனா, 'என்னோடத சொல்லவா, சுவோங்கோடத சொல்லவா'ன்னு என்னையே கேக்குறான்!"

சாயங்காலம் ஆசிரியர் கூட்டம். முடிவில் "வேற ஏதாவது உண்டா?" என்றார் குயென் சார்.

எழுந்தேன். "அன்னிக்கு என் வகுப்புப் பிள்ளைங்க மூணு பேர லைப்ரரிக்கு அனுப்பச் சொன்னது யாரு? பேரச் சொல்லுங்க. கூட்டக் குறிப்புல அந்தப் பேர எழுதணும்."

குறிப்பு எழுதுகிறவர் பேனாவை மூடினார். முப்பது பேரும் மேசையைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

"யாரு சார்?"